அந்த 166-ஐ ஏன் அழித்தீர்கள்?

கேள்வி: எனக்கு வயது 63. பிரஷருக்கு ஆறு ஆண்டுகளாக இரண்டு மாத்திரை சாப்பிட்டு வந்தேன். அதில் ஒன்றால் கணுக்கால் வீங்கியது. நான்கு மாதங்களுக்கு முன் அதை நானே நிறுத்திவிட்டு, தினமும் 15 நிமிடம் மெதுவான மூச்சுப் பயிற்சி செய்கிறேன். அருமையான பலன். வெளியூரில் இருக்கும் மகள் பிபி மெஷின் வாங்கி அனுப்பியிருக்கிறாள். ஞாயிறுதோறும் அளந்து போட்டோ அனுப்பச் சொல்வாள். பயிற்சியை முடித்த கையோடு அளப்பேன். 136/84, 138/82 என்றுதான் வரும். ஒரு நாள் பயிற்சிக்கு முன்பே அளந்தபோது 166/98 காட்டியது. மெஷினில் ஏதோ கோளாறு என்று அழித்துவிட்டேன். பயிற்சியை 30 நிமிடமாக்கினால் இன்னொரு மாத்திரையையும் விட்டுவிடலாமா? மனைவி போன பிறகு யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்பதே என் எண்ணம்.

பதில்: ஐயா, 15 நிமிடமா 30 நிமிடமா என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்த 166/98. போகிற போக்கில் ஒரு வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் நான் நம்புகிற எண் அது ஒன்றுதான்.

மெஷினில் கோளாறு என்று உண்மையாகவே சந்தேகப்பட்டவர் என்ன செய்வார்? ஒரு நிமிடம் விட்டு மறுபடி அளப்பார். மறுநாள் அதே நேரத்தில் அளப்பார். மெஷினை மருத்துவரிடம் எடுத்துப்போய் அவருடைய கருவியோடு ஒத்துப் பார்ப்பார். நீங்கள் இதில் எதையும் செய்யவில்லை, அழித்தீர்கள். 136 காட்டியபோதெல்லாம் நன்றாக இருந்த மெஷின் 166 காட்டிய அன்று மட்டும் கெட்டுப்போனதா? மகள் வந்து மெஷினைக் கையில் எடுத்தால் பழைய அளவுகளைப் பார்த்துவிடுவாள். அந்தப் பயத்தில்தான் உங்கள் விரல் அந்தப் பொத்தானுக்குப் போயிருக்கிறது.

மூச்சுப் பயிற்சியை நான் குறை சொல்லவில்லை. அது நல்லது. கழுத்துத் தமனியிலும் இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் வளைவிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. இரத்த அழுத்தம் ஏறினால் அவை மூளைக்குச் சொல்லும். மூளை இதயத்துடிப்பைக் குறைத்து, இரத்தக் குழாய்களைத் தளர்த்தும். நீண்ட நாள் பிரஷர் உள்ளவர்களிடம் இந்த ஏற்பாடு மந்தமாகிவிடுகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு விடுகிறோம். அதை ஆறாகக் குறைத்தால் அந்த உணர்வு மறுபடி கூர்மையாகிறது. 2005-ல் வெளியான ஓர் ஆய்வில், பிரஷர் உள்ளவர்கள் நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்று விட்டபோது, மேல் எண் சராசரியாக 150-லிருந்து 141-க்கு இறங்கியது. வாரக்கணக்கில் எடுத்த அளவு இல்லை அது. பயிற்சி செய்துகொண்டிருக்கும்போதே, சில நிமிடங்களில் நடந்தது.

ஒரே அமர்வில் சராசரியே அவ்வளவு இறங்கும் என்றால், பயிற்சி முடிந்த கையோடு நீங்கள் எடுக்கும் போட்டோ எதைக் காட்டும்? வாரத்தின் 168 மணி நேரத்தில் உங்கள் இரத்தக் குழாய்கள் மிக நிம்மதியாக இருந்த ஒரு நிமிடத்தைக் காட்டும். மிச்ச நேரம் முழுக்க மூளையின் மெல்லிய குழாய்களும் சிறுநீரகமும் கண்ணின் விழித்திரையும் எந்த அழுத்தத்தைத் தாங்குகின்றன என்பதற்கு உங்கள் கையில் இருந்த ஒரே சாட்சி அந்த 166. சாட்சியைக் கலைத்துவிட்டு, மீதி மாத்திரையையும் விடலாமா என்று என்னைக் கேட்கிறீர்கள்.

விடக் கூடாது. பல வாரங்கள் ஒழுங்காகச் செய்தவர்களிடமும் இந்தப் பயிற்சி பெரும்பாலும் சில புள்ளிகளைத்தான் குறைத்திருக்கிறது. அமைதியான இசை கேட்ட குழுவோடு ஒப்பிட்ட சில ஆய்வுகளில் அந்த வித்தியாசமும் தெரியவில்லை. 2013-ல் அமெரிக்க இதய சங்கம் கருவி வழிகாட்டும் மெதுவான மூச்சுப் பயிற்சியைச் செய்து பார்க்கலாம் என்று சொன்னபோதும், மருந்தோடு சேர்ந்த துணையாகத்தான் சொன்னது. 166-ல் இருப்பவருக்குச் சில புள்ளிகள் போதாது. நேரத்தை இரட்டிப்பாக்கினால் பலனும் இரட்டிப்பாகும் என்ற கணக்கும் உடம்புக்குக் கிடையாது.

கால் வீக்கத்தைப் பற்றி மருத்துவரிடம் ஏன் வாயே திறக்கவில்லை? அம்லோடிபின் வகை மாத்திரைகளில் கணுக்கால் வீங்குவது மருத்துவர்கள் தினமும் கேட்கும் புகார். அளவைக் குறைப்பார்கள், அல்லது வேறு வகைக்கு மாற்றுவார்கள். ஐந்து நிமிடப் பேச்சில் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம் இது. அதோடு, சில பிரஷர் மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் அழுத்தம் முன்பைவிட மேலே எகிறும், இதயத்துக்கும் ஆபத்து. மிச்சம் இருக்கும் அந்த ஒன்று எந்த வகை என்று நீங்கள் எழுதவில்லை. அதன் மேல் கை வைக்காதீர்கள்.

இனி அந்தக் கடைசி வரி. பெற்றவர்களிடமிருந்து எனக்கு வரும் கடிதங்களில் 'பாரம்' என்ற சொல் இல்லாத கடிதம் அபூர்வம். நோயை மறைப்பதைத் தியாகம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது திருட்டாகத்தான் தெரிகிறது. தாய் தகப்பனைப் பார்த்துக்கொள்வது பிள்ளையின் கடமை என்று நான் உறுதியாக நம்புகிறேன். கடமையைச் செய்ய வேண்டுமென்றால் நிலைமை என்னவென்று முதலில் தெரிய வேண்டும். உங்கள் மகள் தன் கடமையைச் செய்யத்தான் மெஷினை வாங்கி அனுப்பினாள். வாரம் தவறாமல் கேட்கிறாள். அவளுக்கு நீங்கள் அனுப்பிக்கொண்டிருப்பது பொய்.

அவள் சிறுமியாக இருந்தபோது, காய்ச்சலை மறைக்க தெர்மாமீட்டரைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்து உங்களிடம் நீட்டியிருந்தால், "நல்ல பிள்ளை, நமக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று நினைக்கிறாள்" என்று மெச்சியிருப்பீர்களா? ஒரு கை காதிலும் ஒரு கை மருத்துவமனைக் கதவிலுமாக இழுத்துப் போயிருப்பீர்கள். ஞாயிறுதோறும் நீங்கள் தெர்மாமீட்டரை நனைத்துத்தான் காட்டுகிறீர்கள்.

கட்டுப்படாத பிரஷர் பக்கவாதத்தில் கொண்டுபோய் விட்டால் அவள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வருவாள். நீங்கள் எழுந்து நடக்க முடியாமல், வாய் குழறிப் படுத்திருப்பீர்கள். "அப்பாவுக்கு பிரஷர் எப்படி இருந்தது?" என்று மருத்துவர் கேட்பார். அவள் போனைத் திறந்து, நான்கு மாத போட்டோக்களை ஒவ்வொன்றாகக் காட்டுவாள். எல்லாம் 136, 138. தான் எதைக் கவனிக்காமல் விட்டோம் என்று ஆயுள் முழுக்கத் தேடிக்கொண்டிருப்பாள். பாரம் என்று எதையாவது சொல்வதென்றால் நான் அதைத்தான் சொல்வேன்.

அவளிடமும் ஒன்று சொல்லுங்கள், நான் சொன்னதாக. வாரம் ஒரு போட்டோவை வைத்துக்கொண்டு அப்பாவின் உடம்பைத் தெரிந்துகொள்ள முடியாது.

அளப்பதைச் சரியாகச் செய்யுங்கள். காலையில், மாத்திரைக்கும் மூச்சுப் பயிற்சிக்கும் முன்னால். பிறகு மாலையில் ஒருமுறை, அதுவும் பயிற்சிக்கு முன்பே. அரைமணி நேரத்துக்குள் காபி, புகை, உடற்பயிற்சி எதுவும் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதம் இரண்டும் தரையில் படிய, கை இதய மட்டத்தில் இருக்க, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். அந்த ஐந்து நிமிடம் மூச்சை எண்ணாதீர்கள், அது தன் போக்கில் போகட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து, இரண்டையும் நோட்டில் எழுதுங்கள். ஏழு நாள். முதல் நாளைத் தள்ளிவிட்டு மற்ற ஆறு நாட்களின் சராசரியை எடுங்கள். வீட்டு அளவில் 135/85-க்கு மேல் போனாலே அது உயர் அழுத்தம்தான். ஆனால் இந்த ஏழு நாள் முடியட்டும் என்று மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். நான்கு மாதம் ஏற்கெனவே போய்விட்டது. 180/120-ஐத் தாண்டி, நெஞ்சுவலியோ மூச்சுத் திணறலோ ஒரு பக்கம் மரத்துப்போவதோ பார்வை மங்குவதோ பேச்சுக் குழறலோ சேர்ந்து வந்தால், மூச்சுப் பயிற்சிக்கு உட்காராதீர்கள். உடனே ஆம்புலன்ஸ்.

பயிற்சியைத் தாராளமாகத் தொடருங்கள், 15 நிமிடமே போதும். மூக்கு வழியாக நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு தானாக வந்துவிடும். நெஞ்சை விரிக்கப் பாடுபடாமல் வயிறு எழும்பித் தாழ்ந்தால் சரி. மூச்சைப் பிடித்து நிறுத்தாதீர்கள்; வேகமாக மூச்சைத் தள்ளும் பயிற்சிகள் உங்களுக்கு வேண்டாம். தலை கிறுகிறுத்தாலோ விரல் நுனி சுருசுருவென்றாலோ அளவுக்கு மீறி ஆழமாக இழுக்கிறீர்கள் என்று அர்த்தம். நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சு விடுங்கள்.

ஞாயிறு வரை காத்திருக்காமல் இன்றே மகளைக் கூப்பிடுங்கள். 166/98 வந்தது, அழித்தேன், ஒரு மாத்திரையை நான்கு மாதமாக விட்டுவிட்டேன் என்று மூன்றையும் சொல்லுங்கள். கோபப்படுவாள். படட்டும், குறுக்கே பேசாமல் கேளுங்கள். அவள் பேசி முடித்ததும் மருத்துவரிடம் நேரம் வாங்கித் தரச் சொல்லுங்கள். போகும்போது நிறுத்திய மாத்திரையின் அட்டையையும் மெஷினையும் எடுத்துப் போங்கள்.