பந்தையே தொடாதவர் தேறிவிட்டார் என்று எப்படிச் சொல்வது?

களியக்காவிளையில் இருந்து ஒரு வாசகர்: என் மகன் அமெரிக்காவில் டென்வர் நகரத்தில் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் அந்த ஊர் ஃபுட்பால் பேச்சுதான். "எங்க லைன்மேன் முதல் மூணு வருஷம் சொதப்பினாருப்பா, அப்புறம் எப்படித் தேறினாரு தெரியுமா" என்கிறான். எனக்கு லைன்மேன் என்றால் கரண்டு கம்பத்தில் ஏறுகிறவரைத்தான் தெரியும். சரி என்று வீடியோ போட்டுப் பார்த்தேன். அந்த ஆள் பந்தைத் தொடவே இல்லை. பந்தைத் தொடாதவர் தேறினார் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

பதில்: அண்ணாச்சி, மகன் சொல்வது கேரெட் போல்ஸ் என்பவராகத்தான் இருக்க வேண்டும். டென்வர் பிரான்கோஸ் அணியில் இடது ஓரத்தைக் காப்பவர். உங்கள் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் நானும் தூத்தூர் பக்கத்துக் கடற்கரையில் நம் ஊர் கால்பந்தில் பதினைந்து வருஷம் பேக் ஆடியவன், கோல் அடித்தவன் பெயரைத்தான் மைக்கில் சொல்வார்கள், பின்னால் நின்றவன் பெயர் மைக்கில் வருவது பந்து அவனைத் தாண்டிப் போன அன்றைக்கு மட்டும்தான்.

முதலில் அவர் நிற்கிற இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள். அணிக்கு 11 பேர். பந்து கையில் இருக்கும் அணிக்கு 4 வாய்ப்பு, அதற்குள் 10 கெஜமாவது முன்னேற வேண்டும். நடுவில் குனிந்து, கால்களுக்கு இடையே பந்தைப் பின்னால் கொடுப்பவர் சென்டர், அவருக்கு இரண்டு பக்கமும் கார்டு, அவர்களுக்கு வெளியே டேக்கிள், ஆக மொத்தம் 5 பேர் ஒரு வரிசை, மகன் சொல்லும் லைன்மேன்கள் இவர்கள்தான். இவர்களுக்குப் பின்னால் இருந்து பந்தை எறிகிறவர் குவார்ட்டர்பேக். அவரைச் சாய்க்க எதிரணி ஓடி வரும், இந்த ஐந்து பேரும் மறிக்க வேண்டும். வலது கைக்காரர் எறிவதற்காகத் திரும்பி நிற்கும்போது இடது பக்கம் அவருக்கு முதுகுப் பக்கமாகிவிடும், அங்கே ஆள் வருவது அவர் கண்ணுக்குத் தெரியாது. அந்த முதுகைக் காக்கிற ஆள் லெஃப்ட் டேக்கிள். போல்ஸின் வேலை அதுதான்.

2017இல் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசை போட்டு எடுக்கும் டிராஃப்டில் 20ஆவது ஆளாக டென்வர் அவரை எடுத்தது. அவ்வளவு முன்னால் எடுத்த ஆள் முதல் மூன்று வருஷமும் திரும்பத் திரும்ப ஒரே தப்பில் மாட்டினார். எதிராளியைப் பிடித்து நிறுத்துவது, அதற்குப் பெயர் ஹோல்டிங். நடுவர் மஞ்சள் துணியைத் தூக்கிப் போட்டால் அணிக்கு 10 கெஜம் நஷ்டம். 2019 செப்டம்பரில் சிகாகோவோடு நடந்த ஆட்டத்தில் மட்டும் அவர் மேல் 4 ஹோல்டிங், அந்த ஆட்டம் 16-14 என்று கைவிட்டுப் போனது. சொந்த மைதானத்தில் சொந்த ரசிகர்களே அவருக்கு எதிராகக் கூச்சல் போட்டார்கள். 2020 மே மாதம், ஒப்பந்தத்தை ஐந்தாவது வருஷத்துக்கு நீட்டிக்கும் உரிமை இருந்தும் அணி வேண்டாம் என்று விட்டுவிட்டது. அதே வருஷம் நவம்பரில் அதே அணி அவருக்கு 4 வருஷத்துக்கு 6 கோடியே 80 லட்சம் டாலர் ஒப்பந்தம் கொடுத்தது! சீசன் முடிவில் நாட்டின் சிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியலில் இரண்டாம் அணியில் அவர் பெயர் இருந்தது. மே மாதத்துக்கும் நவம்பருக்கும் நடுவே வெறும் ஆறு மாதம்.

ஆனால் அந்த மாற்றம் ஆறு மாதத்தில் வந்ததாக நான் நம்பவில்லை. 2019இல் மைக் மன்சாக் என்பவர் இந்த வரிசைக்குப் பயிற்சியாளராக வந்தார், அவரே கார்டாக ஆடி, ஹால் ஆஃப் ஃபேம் என்ற சாதனையாளர் பட்டியலில் இடம் பிடித்தவர். போல்ஸ் தேறியது அவரிடம் பாடம் படித்த இரண்டாவது வருஷத்தில். விதை போட்ட வருஷத்திலேயே காய் கேட்டால் எப்படி?

இந்த வேலையின் சூட்சுமத்தையும் சொல்லிவிடுகிறேன். நீரோடிப் பக்கம் போயிருந்தால் கரையில் நின்று கரமடி வலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நடப்பார்கள், முழங்கால் மடிந்திருக்கும், இடுப்பு தாழ்ந்திருக்கும், ஒரு கால் மணலில் ஊன்றிய பிறகுதான் அடுத்த கால் எழும், முன்னால் சாய்ந்தால் வலை ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும். டேக்கிளின் நடையும் ஏறக்குறைய அதுதான். பந்து அசைந்ததும் பின்னாலும் பக்கவாட்டிலும் குட்டிக் குட்டி எட்டாக நகர வேண்டும், வெளிக்கால் முதலில், உள்கால் இழுபட்டுப் பின்னால். கை இரண்டும் எதிராளியின் நெஞ்சுக்கு நேரே உள்பக்கமாகப் போக வேண்டும். கால் ஒரு எட்டு பிந்தினால் என்ன ஆகும்? உடம்பு இடுப்பில் மடிந்து முன்னால் சாயும், எதிராளி தோளைத் தாண்டிவிடுவான், கை தன்னால் நீண்டு அவன் சட்டையைப் பற்றும், மஞ்சள் துணி விழும். நடுவர் கையைத்தான் குற்றம் சொல்வார், தப்பு ஆரம்பித்ததோ காலில். "பிடிக்காதே, பிடிக்காதே" என்று வெளியிலிருந்து ஆயிரம் பேர் கத்தினாலும் அந்தக் கை நிற்காது, கால் சரியானால் கைக்குப் பிடிக்க வேண்டிய தேவையே வராது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன், எதை வைத்துச் சொல்கிறார்கள்? தண்டனை எத்தனை, எறிகிறவர் எத்தனை தடவை சாய்க்கப்பட்டார் என்று எண்ணுகிறார்கள். ஈஎஸ்பிஎன் என்ற விளையாட்டு சேனல் ஒரு கணக்கு வைத்திருக்கிறது, மறிப்பவர் தன் ஆளை இரண்டரை வினாடி தாங்கினால் அவருக்கு வெற்றி. இரண்டரை வினாடி என்பது கேட்க அற்பமாக இருக்கும், எதிரே 120 கிலோ ஆள் ஓடி வரும்போது அது நீண்ட நேரம். ஆனாலும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். எறிகிறவர் பந்தை வைத்துக்கொண்டு யோசித்து நின்றால் அந்தப் பழியும் மறிப்பவர் கணக்கில்தான் ஏறும், பக்கத்தில் நிற்கும் கார்டு விட்ட ஆளும் சில சமயம் இவர் விட்டதாகவே தெரியும். அடுத்த ஞாயிறு மகன் பேசும்போது ஒரு முழு ஆட்டத்தை அனுப்பச் சொல்லுங்கள். பத்துத் தடவை பந்தைப் பார்க்காமல் அந்த இடது ஓரத்து ஆளின் காலை மட்டும் பாருங்கள். அங்கே ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தால் அவர் நன்றாக ஆடுகிறார் என்று அர்த்தம்.

இரவிபுத்தன்துறையில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒருவர்: இந்த லைன்மேன் வேலைக்கு உடம்பு பெரிதாக இருந்தால் போதாதா? மலை மாதிரி ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தினால் யார் தாண்டுவார்கள்?

பதில்: இதற்கு ஒரு ஆளின் கதையே பதில், கோச். ஜோர்டன் மைலாட்டா, ஆஸ்திரேலியாவில் சிட்னிக்காரர், சமோவா வம்சம், உயரம் 6 அடி 8 அங்குலம், எடை 160 கிலோவுக்கு மேல். ரக்பி லீக் ஆடியவர். அமெரிக்க ஃபுட்பாலில் ஒரு ஆட்டம்கூட ஆடாமலேயே 2018 டிராஃப்டில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அவரை 233ஆவது ஆளாக எடுத்தது. நீங்கள் சொல்லும் மலை அவர்தான். ஆனால் 2018, 2019 இரண்டு சீசனிலும் ஒரு ஆட்டத்தில்கூட இறங்கவில்லை. முதுகுக் காயம் ஒரு பக்கம், பாடம் இன்னொரு பக்கம். ரக்பியில் பந்து இல்லாத ஆளை மறித்தால் குற்றம், இங்கே அதுதான் முழுநேர வேலை! உடம்பில் ஊறிப்போன பழக்கத்தைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தலைகீழாகப் பழக வேண்டும், நிற்பது எப்படி, முதல் எட்டு எந்தக் கால் என்பதிலிருந்து.

2020இல் மற்றவர்கள் காயப்பட்டபோதுதான் இடம் கிடைத்தது. 2021இல், முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்ட ஆண்ட்ரே டில்லார்டோடு போட்டி போட்டு லெஃப்ட் டேக்கிள் இடத்தைப் பிடித்தார். 2025 பிப்ரவரி 9 அன்று கான்சாஸ் சிட்டியை 40-22 என்று தோற்கடித்து ஈகிள்ஸ் சூப்பர் பவுல் என்ற இறுதி ஆட்டத்தை வென்றபோது அந்த இடது ஓரத்தில் நின்றவர் அவரே. டிவியில் ஆட்டக்காரர்கள் தாங்கள் படித்த கல்லூரியின் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்வார்கள், மைலாட்டாவுக்குச் சொல்ல அமெரிக்கக் கல்லூரி கிடையாது, அதனால் தன் பயிற்சியாளர் பெயரைப் போட்டு "ஜெஃப் ஸ்டவுட்லாண்ட் யுனிவர்சிட்டி" என்றார். எனக்கு அதைக் கேட்டு மனசு நிறைந்துவிட்டது. உங்களிடம் படிக்கிற பிள்ளைகளில் ஒருவன் நாளைக்கு அப்படிச் சொல்லட்டும். ஆனால் அதற்கு, இறங்கி ஆடாத அந்த இரண்டு வருஷத்தை அவனுக்கு நீங்கள் கொடுக்க வேண்டியிருக்கும்.

குழித்துறையில் இருந்து ஒரு கல்லூரி மாணவி: 2028 ஒலிம்பிக்கில் இந்த ஆட்டம் வருகிறதாமே? அப்போது லைன்மேன்களைப் பார்க்கலாமா?

பதில்: லாஸ் ஏஞ்சலஸில் வருவது ஃப்ளாக் ஃபுட்பால், மகளே. பக்கத்துக்கு 5 பேர், ஆளைச் சாய்ப்பதற்குப் பதில் இடுப்பில் தொங்கும் பட்டையைப் பிடுங்க வேண்டும், ஆண்களுக்கும் பெண்களுக்கும் உண்டு. மோதி மறிப்பது கிடையாது, அதனால் இந்த ஐந்து பேர் வரிசைக்கு அங்கே வேலை இல்லை. ஆனாலும் பார், வேகமான ஆட்டம், நம் ஊர் பிள்ளைகள் ஒரு மாலையில் பழகிவிடலாம்.

கொல்லங்கோட்டில் இருந்து ஒரு தாய்: என் மகனுக்கு 17 வயது. ஊர் டீமில் பேக் ஆடுகிறான். ஓணத்துக்கு பொழியூர் பக்கம் நடந்த ஒரு போட்டியில் இவன் விட்ட இடத்தில்தான் கோல் விழுந்ததாம், டீம் தோற்றது. சேக்காளிகள் வாட்ஸ்அப்பில் அதையே போட்டுக்கொண்டு இருக்கிறார்கள். இரண்டு வாரமாக கிரவுண்டுக்குப் போகவில்லை. "நான் ஆட்டத்தை விட்டுட்டேன்" என்கிறான். இவனிடம் என்ன சொல்வது?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு முழுவதும் வேறு கடிதத்தை எடுக்கவில்லை. பொழியூர் என்றால் சந்தோஷ் டிராஃபி ஆடிய பிள்ளைகள் வளர்ந்த மண், அங்கே ஃபார்வேர்டு ஆடுகிறவர்கள் சாதாரணப்பட்டவர்கள் இல்லை, அதை முதலில் நினைவில் வையுங்கள்.

எனக்கு 19 வயதில் இதுவே நடந்தது. கோல்கீப்பருக்கு நான் தட்டிக் கொடுத்த பந்து மணலில் இழுபட்டு நின்றுவிட்டது, எதிரணிப் பையன் ஓடி வந்து உள்ளே தள்ளிவிட்டான். ஒரு மாதம் கடற்கரைப் பக்கமே போகவில்லை. என்னைத் திரும்பக் கூப்பிட்டவர் எங்கள் டீமில் முன்பு ஆடிய ஒரு மூத்தவர், மீன்பிடிக்கப் போகிறவர். அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. விடியற்காலையில் ஈர மணலில் என்னை நிறுத்தி, பக்கவாட்டில் நகர வைத்தார், அரை மணி நேரம், பந்தே இல்லாமல். "ஒனக்கு கால் ஒட்டிக்கிடக்கு மக்கா, அதான் பந்து வருமுன்னே பதறுத" என்றார். என் மேல் இருந்த குற்றம் அன்றைக்கு என் காலின் குற்றமாக மாறியது. காலைத் திருத்தலாம் இல்லையா? அந்த ஒரு நிம்மதி போதுமாக இருந்தது, அடுத்த வாரம் திரும்பவும் இறங்கிவிட்டேன்.

மேலே எழுதிய லைன்மேன்களைப் போல இன்னொருவரையும் மகனிடம் சொல்லுங்கள். மெக்கை பெக்டன் என்று பெயர். 2020இல் 11ஆவது ஆளாக நியூயார்க் ஜெட்ஸ் எடுத்தது. 2021இல் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போனது, மறு வருஷம் சீசன் தொடங்கும் முன்பே திரும்பவும் முழங்கால், இரண்டு வருஷத்தில் ஆடியது ஒரே ஆட்டம். அவர் உடம்பு எடையைப் பற்றி ஊரே பேசியது. 2024இல் ஒரே வருஷ ஒப்பந்தத்தில் ஈகிள்ஸுக்கு வந்தார், ஸ்டவுட்லாண்டிடம். அங்கே அவரை ஓரத்தில் இருந்து எடுத்து உள்ளே வலது கார்டாக நிறுத்தினார்கள். டேக்கிளுக்கு வெளிப்பக்கம் வெட்டவெளி, வேகமானவன் சுற்றி வருவான். கார்டுக்கு இரண்டு பக்கமும் தன் ஆட்கள், இடம் குறுகல், அங்கே பலம்தான் பேசும். அந்த சீசனில் இந்த வரிசைக்குப் பின்னால் பந்தை ஏந்தி ஓடிய சாக்வான் பார்க்லி 2,005 கெஜம் ஓடினார், கடைசியில் பெக்டனும் சூப்பர் பவுல் ஜெயித்த அணியில் நின்றார். பெக்டன் அதே பெக்டன்தான், நின்ற இடம் மாறியது.

அதனால் மகனின் கோச்சிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். பையன் திரும்பும்போது பிந்துகிறானா, அல்லது ஓரத்தில் ஆடுகிறவனை நடுவில் ஸ்டாப்பராக நிறுத்திப் பார்க்கலாமா? மனசு சரியில்லை, பயந்துவிட்டான் என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் விடாதீர்கள், எந்தக் கால், எந்தப் பக்கம் என்று கேளுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் இருந்து ஒரு மாதம் அவனை வெளியே வரச் சொல்லுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. "போனது போகட்டும், மறந்துவிடு" என்று மட்டும் சொல்லாதீர்கள், எனக்கு எல்லோரும் அதைச் சொன்னார்கள், மறக்க முடியவில்லை.

அவன் திரும்ப இறங்குகிற அன்றைக்கு நீங்களும் போங்கள், அம்மா. பந்து எங்கே போனாலும் போகட்டும், உங்கள் மகன் கால் வைக்கிற விதத்தையே பாருங்கள். வீட்டுக்கு வந்து சோறு போடும்போது, "அந்த சிவப்புச் சட்டைக்காரனை நீ ரெண்டு தடவ வெளியே தள்ளிக்கொண்டு போனியே, நான் பார்த்தேன்" என்று சொல்லுங்கள். அதை வேறு யாரும் அவனிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.