க்ரூஸர் பைக் என்றால் என்ன? தர்மபுரி பக்கம் இருப்பவருக்கு அது ஒத்துவருமா?

இருக்கை தாழ்வாக, கால் வைக்கும் இடம் முன்தள்ளி, ஹேண்டில் உயர்ந்து, உடல் நீண்டிருக்கும் பைக்குதான் க்ரூஸர். பஜாஜ் அவெஞ்சர், ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350 எல்லாம் இந்த வகை.

கிருஷ்ணகிரியிலிருந்து தர்மபுரிக்கு நான்குவழிச் சாலையில் எழுபது, எண்பதில் போனால் அதன் அருமை தெரியும். முன்சக்கரம் தள்ளி இருப்பதால் வண்டி நேர்கோட்டில் அலையாமல் ஓடும். எஞ்சின் குறைந்த சுற்றிலேயே நல்ல இழுவை தரும். அடிக்கடி கியர் மாற்ற வேண்டாம். குள்ளமானவர்களுக்கும் இரண்டு காலும் தரையில் பதியும்.

திண்ணையில் கிடக்கும் சாய்வு நாற்காலியை நினைத்துக்கொள்ளுங்கள். உட்கார சுகம், சட்டென்று எழுவது கஷ்டம். இங்கேயும் அதே கதை. சாதாரண பைக்கில் வேகத்தடை வந்தால் லேசாக எழுந்து காலில் எடையை வாங்கிக்கொள்வோம். கால் முன்னே நீட்டியிருந்தால் அது முடியாது. குழியின் அடி நேராக முதுகெலும்புக்குப் போகும். கிராமத்துச் சாலையில் பத்து கிலோமீட்டர் போனால் புரியும். ஒகேனக்கல் இறக்கத்து வளைவுகளில் நீளமான வண்டியைத் திருப்பவும் பொறுமை வேண்டும். மீட்டியாரின் எடை 191 கிலோ. சந்தைக் கூட்டத்தில் பின்னுக்குத் தள்ளி எடுக்கும்போது, சரி, அப்போது தெரியும் சேதி! பின்னால் உட்காரும் வீட்டம்மாவையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அப்புறம், 350 சிசி என்பதால் பறக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். மீட்டியாரின் சக்தி சுமார் 20 குதிரைத்திறன்தான். 200 சிசி கேடிஎம் டியூக் பைக் அதைவிட வேகமாகப் போகும்.