அயர்ன் ஏன் நிற்பதில்லை?

கேள்வி: வீட்டில் அயர்ன் செய்த முடி மழைக்காற்று பட்டதும் சுருண்டுவிடுகிறது. பார்லர் ஸ்ட்ரெய்ட்டனிங் மட்டும் நிற்பது எப்படி? (வாசகி, கடலூர்)

பதில்: முடியின் கெரட்டின் புரதத்தில் உள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள் ஈரத்தில் அவிழ்ந்து, காயும்போது மறுபடி பிடிக்கும். அயர்ன் மாற்றுவது முக்கியமாக இவற்றைத்தான். அதே கெரட்டினில் உள்ள கந்தகப் பிணைப்புகளோ தண்ணீருக்கு அசையாது. பார்லர் கிரீமில் இருக்கும் தயோகிளைகோலேட் என்ற ரசாயனம் அவற்றில் ஒரு பகுதியை உடைக்கிறது. முடியை நேராக்கியபின் பூசும் நியூட்ரலைசர், பெரும்பாலும் ஹைட்ரஜன் பெராக்சைடு, உடைந்த பிணைப்புகளைப் புதிய நிலையில் பூட்டுகிறது. இதை அவசரப்பட்டுக் கழுவினால் பிணைப்பு முழுதாகச் சேராது, முடி பலமிழந்து அறுந்துபோகும். இப்படி நேராக்கிய முடியின்மேல் சோடியம் ஹைட்ராக்சைடு ரிலாக்ஸர் (இன்னொரு வகை முடி நேராக்கும் கிரீம்) போடவே கூடாது. மாதம் சுமார் 1 செ.மீ. வளரும் புதுமுடி சுருளாகவே வரும். அந்த இடத்துக்கு மட்டும் டச்-அப் போதும்.

தயவுசெய்து ஈரமுடியில் அயர்ன் வைக்காதீர்கள். உள்ளே நீர் கொதித்துக் குமிழி கட்டும். அந்த இடத்திலேயே முடி முறியும்.