மேலங்கி கேட்ட பவுல்

அன்புள்ள அண்ணா,

முல்லைத்தீவில் ஒட்டுசுட்டானுக்கு உள்ளே ஒரு சின்னச் சபையில் ஊழியம் செய்கிறேன். காணிக்கை பெற்றோலுக்கே காணாது. மனைவிக்குச் சுகமில்லை. கிழமையில் மூன்று நாள் மேசன் வேலைக்குப் போக யோசிக்கிறேன். எங்கள் மூத்த போதகரோ 'தீங்கநுபவி' என்ற வசனத்தைக் காட்டி, முறையிடுவது அவிசுவாசம் என்கிறார். யுத்தகாலத்தில் வன்னியில் உயிரையே கொடுத்த குருமாரை நினைத்தால் எனக்கும் வெட்கமாக இருக்கிறது. வேலைக்குப் போவது அழைப்பை விட்டு விலகுவதா? உபவாசத்தைக் கூட்ட வேண்டுமா?

— ஒரு போதகர்

அன்புள்ள தம்பி,

வேலைக்குப் போங்கள். பவுல் கூடாரம் செய்து பிழைத்தவர். இதில் பேச வேறொன்றும் இல்லை. அரைவயிறு சாப்பிடுகிற வீட்டில் உபவாசத்துக்குத் தனியாக நாள் குறிப்பார்களா?

வெட்கம் என்று எழுதினீர்களே, அங்கேதான் கோபம் வந்தது. 2008 ஏப்ரல் 20, ஞாயிறு பூசை முடித்துத் திரும்பிய கருணாரட்ணம் அடிகளார் கிளைமோரில் கொல்லப்பட்டார். 2009 மே 18 இராணுவத்திடம் சரணடைந்தவர்களோடு போன பிரான்சிஸ் யோசப் அடிகளாரை அதற்குப் பிறகு ஒருவரும் காணவில்லை. சனத்தை விட்டுப் போகாமல் நின்ற மனிதர்கள். உங்கள் மனைவி மருந்தில்லாமல் படுத்திருப்பது யுத்தத்தால் அல்ல, உங்கள் சபையாரின் அசட்டையால். செத்தவர்களின் பெயரைச் சொல்லி அதை மூடாதீர்கள்.

அந்த வசனம் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் இருக்கிறது. உங்கள் மூத்தவர் நாலாம் அதிகாரத்தின் கடைசி வரை போகவில்லைப் போலும். அங்கே, சாவு கிட்டிவிட்டதென்று தெரிந்த மனிதர், துரோவாவில் கார்ப்புவிடம் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டுவரச் சொல்கிறார். மாரிகாலத்துக்கு முன் வந்துவிடு என்கிறார். புத்தகங்களும் வேண்டுமாம். தேமா விட்டுப் போய்விட்டான், லூக்கா மாத்திரம்தான் கூட இருக்கிறான் என்று ஆளாளாகப் பெயர் சொல்லிக் குறைப்படுகிறார். கன்னான் அலெக்சந்தர் செய்த தீமையையும் விடவில்லை. நல்ல போராட்டத்தைப் போராடினேன் என்று எழுதிய அதே அதிகாரத்தில்தான் இவ்வளவும். இது அவிசுவாசமா? இதைச் சொல்லிச் சொல்லி என் வீட்டாருக்கே அலுத்துவிட்டது. ஆனாலும் விடமாட்டேன்.

2009இல், யுத்தத்தின் கடைசி மாதங்களில், மாத்தளனில் எங்கள் தறப்பாள் கொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பாஸ்டர் இருந்தார். விடிய ஜெபம், பிறகு பிரேதம் புதைப்பது, அதற்குப் பிறகுதான் கஞ்சி வரிசை. ஒருநாள் அம்மாவிடம் வந்து, "அக்கா, மாத்திக் கட்ட ஒரு பழைய சாரம் இருந்தா தாங்கோ" என்றார். உடுத்திருந்ததில் யாருடையதோ இரத்தம். அம்மா அப்பாவின் சாரத்தை எடுத்துக் கொடுத்தா. அடுத்த தறப்பாளில் ஒருவர், "பாஸ்டரே கையேந்த வெளிக்கிட்டார்" என்றார். அம்மா அவருக்குக் கொடுத்த பேச்சை இங்கே எழுத முடியாது. அன்றிலிருந்து, பாஸ்டருக்குக் கஞ்சி கிடைத்ததோ என்று விசாரிக்காமல் அம்மா வாயில் ஒன்றும் வைக்கமாட்டா. அவர் கேட்டிராவிட்டால் அவரும் பசிக்கிற ஆள் என்பது எங்கள் ஒருவருக்கும் உறைத்திராது. எங்களுக்கு அவர் ஜெபம் பண்ணுகிறவர், அவ்வளவுதான்.

ஆகவே தம்பி, வருகிற ஞாயிறு அறிவித்தல் நேரத்தில் எழுந்து சொல்லுங்கள்: பெற்றோலுக்குக் காசில்லை, மனைவியை மாஞ்சோலை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று. குரலைத் தாழ்த்தாமல், மன்னிப்புக் கேட்காமல் சொல்லுங்கள். மூத்தவர் கோபித்தால் எனக்கு எழுதச் சொல்லுங்கள். அவருக்கு இதைவிட நீளமாகப் பதில் வைத்திருக்கிறேன்.