ஒன்பதாம் வகுப்புக்கு அளவீடும் இயக்கமும் நடத்துகிறேன். கணக்குப் போடும் பிள்ளைகளுக்குக்கூட வரைபடம் புரியவில்லை. ஆய்வகக் கருவிகளும் போதாது. என்ன செய்யலாம்?

நீங்கள் பணியில் சேர்ந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். காலாண்டுத் தேர்வுக்குள் இரண்டு பாடத்தையும் முடித்தாக வேண்டுமே என்ற பதற்றம் உங்கள் கேள்வியிலேயே தெரிகிறது. நானும் அப்படி ஓடியவள்தான்.

எங்கள் பள்ளி ராமநாதபுரம் மாவட்டத்தில், மண்டபம் ஊருக்குப் பக்கம். ஒரு வருடம் இயக்கம் பாடத்தை முடித்த கையோடு, "பாம்பன் ரோட்டுப் பாலத்தைத் தாண்டும் பஸ்ஸுக்குத் தொலைவு–காலம் வரைபடம் போடுங்க" என்றேன். அந்தப் பாலத்தின் நீளம் 2,345 மீட்டர். 4 நிமிடத்தில் கடந்தால் மணிக்குச் சுமார் 35 கி.மீ. என்று நொடியில் சொல்லிவிட்டார்கள். ஆனால் வரைபடத்தாளில் பாதிப் பேருக்கு மேல் பாலத்தையே வரைந்திருந்தார்கள். படகு அடியில் போவதற்காக அந்தப் பாலம் நடுவில் மேடாக இருக்கும். அதே மேடு, அதே இறக்கம். அந்தக் கோட்டின்படி பஸ் நடுப்பாலம் வரை போய், மண்டபத்துக்கே திரும்பியிருக்க வேண்டும்!

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. வேகம் கண்டுபிடிக்கத் தெரிந்த பிள்ளைக்கு, கோடு எதைச் சொல்கிறது என்று தெரியவில்லை. கிடை அச்சில் இருப்பது நேரம், இடமில்லை என்பதை நான் வாயால்தான் சொல்லியிருந்தேன். அவர்கள் கையால் அளந்து ஒரு புள்ளிகூட வைத்ததில்லை.

வகுப்பில் ஒரு பையனின் தாத்தா கரைவலை இழுப்பவர். கடலில் விட்ட வலையை, அதன் இரண்டு பக்கக் கயிற்றையும் பிடித்துக் கரையிலிருந்தே இழுப்பார்கள். அவரிடம் போய்க் கேட்டேன். "தாராளமா வாங்க டீச்சரம்மா" என்றார். ஒரு சனிக்கிழமை விடியலில், தலைமையாசிரியர் அனுமதியும் பெற்றோர் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு பதினெட்டுப் பிள்ளைகளோடு போனேன். (ஒரு பிள்ளையும் தண்ணீரில் கால் வைக்கவில்லை. இதைச் சொல்லாவிட்டால் கீழே அதைத்தான் முதலில் கேட்பார்கள்.)

முதல் வேலை, வலை கடலுக்குள் போவதற்கு முன் கயிற்றில் 20 மீட்டருக்கு ஒரு சிவப்புத் துணி கட்டுவது. டேப்பை எடுப்பதற்குள் பேரன், "பாகம் போட்டாப் போதும் டீச்சர்" என்று இரண்டு கையையும் விரித்துவிட்டான். விரித்த இரு கையின் நீளம்தான் ஒரு பாகம். சரி, போடு என்றேன். ஒரே துண்டுக் கயிறு தாத்தாவுக்குப் பதினொன்றரைப் பாகம், பேரனுக்குப் பதின்மூன்றுக்கு மேல். தாத்தா அளந்தது தப்பில்லை. அவர் வலைக்கு அவர் கையே அளவு, ஆயுசு முழுக்க அது மாறவில்லை. அடுத்த ஊர்க்காரரிடம் கயிறு வாங்கும்போதுதான் வம்பு. பொது அலகு எதற்கு என்று நான் அதற்குமேல் பேசத் தேவைப்படவில்லை. பிறகு பார்த்தால், எங்கள் டேப்பின் நுனி 2 செ.மீ. கிழிந்திருந்தது. அளந்ததிலெல்லாம் 2 செ.மீ. கழிக்க வேண்டும் என்று ஒரு பெண் தானாகவே சொன்னாள். வெர்னியரில் சுழிப்பிழை நடத்தும்போது அந்தக் கிழிந்த டேப்பைத்தான் இன்றைக்கும் எடுத்துக் காட்டுகிறேன்.

கரையில் ஒரு குச்சியை நட்டு, ஒவ்வொரு துணியும் அதைத் தாண்டும் நேரத்தை மூன்று பேர் குறித்தார்கள். மூன்றும் ஒத்துப்போகவில்லை, இரண்டு மூன்று வினாடி வித்தியாசம். சராசரி எடுத்தோம். மறுநாள் ஞாயிறு. திங்களன்று வகுப்பில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தால், நடுவில் ஓரிடத்தில் கோடு படுத்துக் கிடந்தது. ஏன் என்று கேட்டேன். "அந்தப் பக்கத்துக் கயிறு பிந்திருச்சு டீச்சர், அதான் கொஞ்ச நேரம் இழுக்காம நின்டாக" என்றான் பேரன். மடி, அதாவது மீன் சேரும் வலைப் பை, கரையை நெருங்கிய பிறகு சாய்வு குறைந்ததையும், "பாரம் டீச்சர்" என்று அவனே சொன்னான். சொல்லி முடித்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தான். "அப்ப பஸ் மேட்டுல மெதுவாப் போனா கோடு கீழ வராது, சாய்வுதான் கொறையும்" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேறு பள்ளியில் இருபது நிமிடத்தில் நடத்திவிடுவார்கள் என்றால் நடத்தட்டும். எனக்கு ஒரு வாரம் பிடித்தது, அந்த ஒரு வாரத்துக்காக நான் வருத்தப்படவில்லை.

அந்த வருடம் பார்வைக்கு வந்த ஓர் அதிகாரி, "பாடத்தை விட்டுட்டுப் பீச்சுக்கு எதுக்கு?" என்று எல்லோர் முன்னிலும் கேட்டார். ராமேஸ்வரம் பள்ளியில் பறவை எப்படிப் பறக்கிறது என்பது புரியவில்லை என்றதும், பிள்ளைகளைக் கடற்கரைக்கே கூட்டிப்போனாரே சிவசுப்பிரமணிய ஐயர், அந்த வகுப்பில் இருந்தவர்தானே அப்துல் கலாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் ஒன்று சொல்லியாக வேண்டும். "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்" என்று மிரட்டுவதற்கு எங்கள் மாவட்டத்தைத்தானே சொல்கிறார்கள்! அந்தப் பேச்சைக் கேட்டே வருகிற ஆசிரியர், வந்த அன்றே மாறுதலுக்கு மனு எழுதுகிறார். நான் ஒன்பதாம் வகுப்பு எடுத்த பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்பில் அரையாண்டு வரை அறிவியலுக்கு ஆளில்லை. இது தண்டனை ஊர் இல்லை. இங்கே பிள்ளைகள் இருக்கிறார்கள்.

உங்கள் ஊரில் கடல் இல்லாமல் இருக்கலாம். குழாயடியில் ஒரு பிளாஸ்டிக் வாளியை வைத்து, உள்ளே ஸ்கேலை நிறுத்தி, அரை நிமிடத்துக்கு ஒருமுறை நீர்மட்டத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். நடுவில் குழாயைக் கொஞ்ச நேரம் மூடிவிட்டுத் திறங்கள். ஏன் மூடினீர்கள் என்று முன்கூட்டியே சொல்லாதீர்கள்.