இடப்பக்கம் தவறிப்போனால் கருவி உதவுமா? – கேள்வி பதில்

மூளையில் அடிபட்டோ பாரிசவாதம் வந்தோ ஒரு பக்கத்தைக் கவனிக்காமல் விடுகிறவர்கள் அணியும் கருவிகள் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். நான் தொழில்வழிச் சிகிச்சையாளர். மருந்து அளவு கேட்டவர்கள் உங்கள் வைத்தியரிடமே கேளுங்கள்.

மகள், புதுக்குடியிருப்பு: அப்பாவுக்கு மூளையின் வலப்பக்கத்தில் பாரிசவாதம். கோப்பையில் இடப்பக்கத்துப் புட்டை அப்படியே விட்டுவிட்டு, சாப்பாடு காணாது என்கிறார். கண் டொக்டர் கண்ணில் பிழையில்லை என்றார். என்ன கண்ணாடி வாங்கலாம்?

தங்கச்சி, கோப்பையை அரைவட்டம் சுற்றி வைத்துப் பாருங்கள். இடப்பக்கம் இருந்த புட்டு வலப்பக்கம் வந்ததும் சாப்பிடுவார். கண் அதைப் பார்க்கிறது, மூளைதான் அந்தப் பக்கத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. 1978 இல் இத்தாலியில் பிசியாக் என்பவரும் லுசாட்டி என்பவரும் இப்படியான நோயாளிகளை மிலான் நகரத்துப் பேராலயச் சதுக்கத்தைக் கற்பனை செய்யச் சொன்னார்கள். ஒரு முனையில் நிற்பதாக நினைத்தபோது வலப்பக்கக் கட்டடங்களையே பெரும்பாலும் சொன்னார்கள். எதிர் முனையில் நிற்பதாக நினைக்கச் சொன்னதும், முதலில் விட்டவற்றைச் சொன்னார்கள். கண்ணுக்கு வேலையே இல்லாத நினைவிலும் இடப்பக்கம் விடுபட்டது. அப்பா பிடிவாதம் பிடிக்கிறார் என்று வீட்டில் யாரும் ஏச வேண்டாம்.

இனிக் கண்ணாடி. இதற்கென்று ஆராயப்பட்டது அரியக் கண்ணாடி, அதாவது பிரிசம் வைத்த கண்ணாடி. 1998 இல் பிரான்சில் ரொசெட்டி குழுவினர் வெளியிட்ட ஆய்வோடு இது பரவலானது. பார்க்கும் எல்லாவற்றையும் அது 10 பாகை அளவு வலப்பக்கம் தள்ளிக் காட்டும். அதைப் போட்டுக்கொண்டு முன்னால் உள்ள புள்ளியை விரலால் தொடச் சொன்னால் முதலில் விரல் வலப்பக்கம் தவறும். திரும்பத் திரும்பத் தொடும்போது மூளை தன்னைத் திருத்திக்கொள்ளும். கழற்றியதும் கை இடப்பக்கம் சாயும், சிலருக்குக் கவனமும் கூடவே வரும். பயிற்சி நடக்கும் சில நிமிடங்களுக்குத்தான் போட வேண்டும். வழமையான கண்ணாடிபோல நாள் முழுக்கப் போட்டுத் திரிந்தால் விழுவார். எல்லோருக்கும் இது பலன் தருவதில்லை. 2021 இல் வந்த கொக்ரேன் தொகுப்பாய்வு, இந்தக் குறைபாட்டுக்கான மருந்தில்லாச் சிகிச்சைகள் எதற்குமே உறுதியான சான்று இன்னும் இல்லை என்றுதான் சொல்கிறது. ஆகவே கடன்பட்டு வாங்காதீர்கள்.

ஒருவர், மல்லாவி: கையில் கட்டினால் அதிர்ந்து நினைவூட்டும் பட்டி இருக்கிறதாமே?

இருக்கிறது, எனக்குப் பிடித்ததும் அதுதான். 1990களில் பிரித்தானியாவில் இயன் றொபேட்சன் குழுவினர் பரிசோதித்த முறை. இடக்கையோ காலோ குறித்த நேரத்துக்கு அசையாமல் இருந்தால் கருவி ஒலிக்கும், அந்தப் பக்கத்தை அசைத்தால்தான் நிற்கும். இடக்கையை இடப்பக்கத்திலேயே தானாக அசைக்கும்போது கவனமும் அங்கே இழுபடும் என்பது அதன் அடிப்படை. நீங்கள் பிடித்து ஆட்டிவிடுவது அதற்கு ஈடாகாது. அவர் தோளைக் கொஞ்சம் தூக்கினாலும் போதும்.

அந்தக் கருவி கிடைக்காவிட்டால் அதிரும் வசதியுள்ள கைமணிக்கூட்டைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அதிர வைத்து இடக்கையில் கட்டலாம். முதலில் அவருடைய கண்ணை மூடி, அந்த மணிக்கட்டில் அதிர்வு தெரிகிறதா என்று கேளுங்கள். தொடுவுணர்வு இல்லாத கையில் கட்டிப் பலனில்லை. அதிரும்போது என்ன செய்ய வேண்டும் என்பதையும் பழக்குங்கள்: தலையை இடப்பக்கம் திருப்பி, வலக்கையால் இடக்கையைத் தொட்டு, பிறகு விட்ட வேலையைத் தொடர வேண்டும். இது பழகாவிட்டால் ஒரு கிழமையில் அதிர்வையும் கவனிக்காமல் விட்டுவிடுவார்.

தம்பி, பரந்தன்: அந்தக் கண்ணாடி எங்கே வாங்கலாம்?

முதலில் கிளினிக்கில் பரிசோதனை, பிறகு கண்ணாடி. மேலே சொன்னதை வாசியுங்கள்.

அக்கா ஒருவர், முள்ளிவாய்க்கால்: தம்பியின் தலையில் ஷெல் துண்டு இன்னும் இருக்கிறது. இடப்பக்கம் இடித்துக்கொண்டே நடக்கிறான். தலையில் மாட்டும் மின்பட்டியை வெளிநாட்டிலிருந்து அண்ணா அனுப்புகிறார். போடலாமா?

வேண்டாம் அக்கா. தலைக்குள் உலோகம் இருப்பவர்களுக்கும் மண்டையோட்டில் எலும்பு எடுக்கப்பட்டவர்களுக்கும் தலைக்கு மின்சாரமோ காந்தமோ கொடுக்கும் கருவிகளை வீட்டில் போடக்கூடாது. எம்ஆர்ஐ எடுக்கப் போனாலும் துண்டு இருப்பதை வாசலிலேயே சொல்லுங்கள். பழைய எக்ஸ்றே, சி.ரி. ஸ்கான் படங்களைக் கையோடு கொண்டுபோங்கள். எங்கள் பக்கத்தில் இப்படித் துண்டோடு வாழ்கிறவர்கள் பலர். பழைய காயம் என்று சொல்லாமல் விடுவதுதான் ஆபத்து. தலைக்குள் துண்டு போனவர்களுக்கு வலிப்பு வருவது அதிகம், அதனால் கண்ணை மூடி மாட்டும் மெய்நிகர் விளையாட்டுக் கருவியையும் வைத்தியரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

ஒருவர், துணுக்காய்: கழுத்துக்கு அதிர்வு கொடுத்தால் நல்லதாம். மசாஜ் இயந்திரம் இருக்கிறது.

ஜேர்மனியில் ஆராய்ந்தார்கள், இடப்பக்கப் பிடரித் தசைக்கு. அது அளவெடுத்துச் செய்வது. மசாஜ் இயந்திரத்தைக் கழுத்தில் வைக்காதீர்கள், அங்கே இரத்தக்குழாய் ஓடுகிறது.

மருமகள், ஒட்டுசுட்டான்: மாமாவின் தண்ணீர், மருந்து, ஆளைக் கூப்பிடும் மணி எல்லாவற்றையும் இடப்பக்கமே வைக்கிறேன். தேடிப் பழகட்டும் என்று.

மணியையும் தண்ணீரையும் வலப்பக்கம் வையுங்கள் பிள்ளை. இரவில் மூச்சுமுட்டினால் அவர் எங்கே தேடுவார்?

ஆசிரியர் ஒருவர், நெடுங்கேணி: இதை ஏற்கமாட்டேன். எல்லாம் வலப்பக்கம் இருந்தால் இடப்பக்கம் என்றைக்குத் திரும்பும்? என் மனைவிக்கு இடப்பக்கம் வைத்துத்தான் முன்னேற்றம் கண்டேன்.

சேர், உங்கள் மனைவி எந்த நேரமும் உங்களோடு இருந்தார், தேடும்போது நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள். அதைத்தான் பயிற்சி என்கிறேன். தனியே படுத்திருக்கும் நேரம் வேறு.

அதே ஆசிரியர்: அப்போ கதிரை?

நீங்கள் பேசும்போது கதிரையை இடப்பக்கம் போடுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு அவர் திரும்பும்வரை பொறுங்கள். ஆரம்பத்தில் தலையே திரும்பாவிட்டால் நேர் முன்னால் இருந்து தொடங்கி, நாளுக்கு நாள் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்துங்கள். பத்திரிகையின் இட ஓரத்தில் சிவப்புப் பட்டி ஒட்டி, அது தெரியும்வரை தேடச் சொல்லுங்கள். மேசையிலும் ஒட்டலாம்.

மருமகள்: மணியை மாற்றிவிட்டேன். மற்றதெல்லாம் இடப்பக்கம்தான்.

பகலில், ஆள் பக்கத்தில் இருக்கும்போது. அதில் நானும் ஆசிரியரும் ஒத்துப்போகிறோம்.

மூவர், வெவ்வேறு ஊர்களிலிருந்து: கண்ணாடி என்ன விலை?

விலை சொல்லமாட்டேன். பாதிப் பார்வை இழந்தவர்களுக்கான பிரிசமும் இருக்கிறது, அது வேறு. அவர்களுக்கு ஒரு பக்கம் தெரியவில்லை என்பது தெரியும், தலையைத் திருப்பிச் சமாளிப்பார்கள். இடப்பக்கத்தைத் தவறவிடுகிறவருக்கு அது தெரிவதே இல்லை. எது என்று தெரியாமல் காசைக் கொட்டாதீர்கள். பரிசோதனைக்கு ஒரு தாளும் பேனாவும் போதும்: கோட்டின் நடுவைக் குறிக்கச் சொன்னால் வலப்பக்கம் தள்ளிக் குறிப்பார், மணிக்கூடு வரையச் சொன்னால் இலக்கங்களை வலப்பக்கமே அடுக்குவார்.

ஒருவர், முழங்காவில்: நேற்றிரவிலிருந்து அம்மாவின் வாய் கோணியிருக்கிறது. எந்தக் கருவி?

1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள். இப்பவே.

ஒருவர், அக்கராயன்: அண்ணாவுக்குப் பட்டி கட்டி நல்ல முன்னேற்றம். மோட்டார் சைக்கிள் ஓடலாமா?

இல்லை. வீதியில் நாங்கள் இடப்பக்கம் ஓடுகிறவர்கள். மாடு ஏறுவதும் நெல் காயவைத்திருப்பதும் பிள்ளைகள் சைக்கிளில் வருவதும் அந்தப் பக்கம்தான். பட்டி அதிர்ந்து அவர் திரும்புவதற்குள் காரியம் முடிந்துவிடும். தான் ஓடுவேன் என்று அவர் சொல்வதையும் நம்பி விடாதீர்கள், குறையை உணராமையும் இதே நோயின் ஒரு பகுதி. சாவியை வாங்கி வையுங்கள்.

அதே ஒருவர்: வயலுக்குள் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம்?

அதுவும் இல்லை. பின்னால் சுழல்கத்தி, பக்கத்தில் வாய்க்கால். வரம்பில் நடக்கட்டும், இடப்பக்கம் நீங்கள் நில்லுங்கள்.