சூப் மதியத்துக்குள் ஆறிவிடுகிறது: எந்த பிளாஸ்க் வாங்கலாம்?

காலை 7 மணிக்கு ஊற்றும் சூப் 12 மணிக்கே வெதுவெதுப்பாகிவிடுகிறது, காபிக்கும் அதே பிளாஸ்க்தான் என்கிறீர்கள். புதிது வாங்கும் முன் இருப்பதைச் சோதியுங்கள். கொதிநீர் நிரப்பி மூடி, 10 நிமிடம் கழித்து வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். கழுத்துப் பகுதி லேசாகச் சுடலாம், அது இயல்பு. நடுப்பகுதியோ அடிப்பகுதியோ சுட்டால் இரு சுவர்களுக்கும் இடையிலான வெற்றிடம் போய்விட்டது. வீட்டில் அதைச் சரிசெய்ய வழியில்லை.

சுடவில்லையா? அப்படியானால் பிளாஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது. உள்ளே குளிர்ந்து கிடக்கும் எஃகு, ஊற்றியவுடன் சூட்டின் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். அதனால் முதலில் கொதிநீர் ஊற்றி, மூடி, 5 முதல் 10 நிமிடம் வைத்துக் கொட்டுங்கள். உடனே கொதிக்கக் கொதிக்க சூப்பை ஊற்றுங்கள். பாதி பிளாஸ்க் சீக்கிரம் ஆறும். மூடிக்குச் சற்றுக் கீழ்வரை நிரப்புங்கள்.

அப்படியும் போதவில்லையென்றால் இரண்டாக வாங்குங்கள். ஒன்றையே இரண்டுக்கும் வைத்தால் காபியில் சூப் வாசம் வரும், எவ்வளவு கழுவினாலும். காபிக்குக் குறுகிய வாய், உணவுக்கு அகன்ற வாய். வெப்பம் பெரும்பாலும் மூடி வழியாகத்தான் போகிறது. ஆகவே உடலின் பளபளப்பைவிட மூடியைப் பாருங்கள். தடித்த, உள்ளே காப்புள்ள மூடி, கழற்றிக் கழுவக்கூடிய சிலிக்கோன் வளையம், இரண்டும் வேண்டும். 'இரட்டைச் சுவர்' என்று மட்டும் எழுதியிருந்தால் நடுவே வெறும் காற்று இருக்கலாம். 'வெற்றிடக் காப்பு' என்று இருக்கிறதா பாருங்கள். கொள்ளளவு நீங்கள் சாப்பிடும் அளவுக்கே போதும்.

பால் சேர்த்த சூப்பை 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கிய பின் மணிக்கணக்கில் வைத்துச் சாப்பிட வேண்டாம்.